கருவி இன்னும் தயாராகவில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இயற்பியல் எம்.எஸ்சி. இறுதியாண்டு படிக்கும் உங்களில் நாற்பது பேரோடு காணொளியில் பேசிக்கொண்டிருந்தேன். நாங்கள் புதிதாக இயக்கிவைக்கப்போகும் அயனிப் பொறியைப் பற்றி அரை மணி நேரம் விளக்கிய பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், அப்போ மெஷின் இன்னும் ஓடலையா?"

ஓடவில்லை என்றேன்.

"எப்போ ஓடும்?"

எட்டு மாதத்திலும் ஓடலாம், ஒன்றரை வருடமும் ஆகலாம் என்றேன். "அப்படின்னா, ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற மெஷின் வச்சிருக்கிற குரூப்பாப் பாத்து அப்ளை பண்றதுதானே மேடம் சரி?" என்றாள். திரையில் பல தலைகள் ஆமோதித்து அசைந்தன. எனக்குக் கொடுத்திருந்த நேரம் அதோடு முடிந்துவிட்டது. ஏதோ அரைகுறையாகச் சொல்லிவிட்டு விடைபெற்றேன். அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த நாற்பது பேருக்கு மட்டுமல்ல, இந்த ஆண்டு சோதனை இயற்பியலில் ஆய்வுக்கு விண்ணப்பிக்கப்போகும் எல்லோருக்கும்.

அந்தக் கேள்வி நியாயமானது. உதவித்தொகை இத்தனை வருடம் என்று எண்ணித்தான் கொடுக்கிறார்கள். வீட்டில் கல்விக் கடன் இருக்கும், தங்கை படிப்பு இருக்கும், "இன்னும் எத்தனை வருஷம்டா?" என்று கேட்கும் அத்தை இருப்பார். ஆனாலும் ஒரு கருவியை முதன்முதலாக இயக்கிவைக்கும் நேரத்தில் சேர வாய்ப்புக் கிடைத்தால், அதை விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் வேலை செய்த கருவியை வைத்தே காரணத்தையும் சொல்கிறேன்.

என் அப்பா அனல்மின் நிலையத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். இப்படி இயக்கிவைப்பதைக் குறிக்கும் "கமிஷனிங்" என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். புது யூனிட் ஒன்று கமிஷனிங்கில் இருந்தால் அப்பா வீட்டுக்கு வரும் நேரம் யாருக்கும் தெரியாது. சாப்பாட்டுத் தூக்கு போகும், சில நாள் அப்படியே திரும்பி வரும். கட்டுமானம் முடிந்துவிட்டது, இனி சுவிட்சைப் போட வேண்டியதுதானே என்று அம்மா கேட்பார். "சுவிட்சப் போட்டப்புறம்தான் வேலையே ஆரம்பம்" என்பார் அப்பா. பல வருடம் கழித்து, ஐரோப்பாவில் ஓர் ஆய்வகத்தில், என் உயரத்தில் பாதிகூட இல்லாத ஒரு எஃகுக் கருவியின் முன்னால் நின்றபோதுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

அந்தக் கருவியின் பெயர் எலெக்ட்ரான் கற்றை அயனிப் பொறி. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஈபிட் என்போம். இதற்கு முன்னோடி, 1960களின் பிற்பகுதியில் ரஷ்யாவின் துப்னாவில் எவ்கெனி தொனெத்ஸ் உருவாக்கிய அயனி மூலம். அந்த வழியில் வந்த கருவிகளில் கற்றை ஒரு மீட்டர் அளவுக்கு நீளும். அவ்வளவு நீளக் கற்றையை நிலையாக வைத்திருப்பது பெரும்பாடு. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் மார்ட்டன் லெவின், ராஸ் மார்ஸ் குழுவினர் பொறியின் நீளத்தை 2 சென்டிமீட்டராகச் சுருக்கினார்கள். முதல் ஈபிட் 1986இல் ஓடியது.

வேலை செய்யும் விதம் இதுதான். சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. வலிமையான காந்தப்புலம் அந்தக் கற்றையைத் தலைமுடி அளவுக்கு நெருக்குகிறது. கற்றை வரிசையாக நிற்கும் உலோகக் குழாய்களின் நடுவே ஓடி, மறுமுனையில் உள்ள கலெக்டரில் போய் விழுகிறது. நடுக்குழாயில் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விடுகிறோம். கற்றை ஆர்கான் அணுவை மோதி ஓர் எலெக்ட்ரானை உதிர்க்கிறது. நேர் மின்னூட்டம் பெற்ற அந்த அயனி எங்கே போகும்? பக்கவாட்டில் ஓட முடியாது, எலெக்ட்ரான் கற்றையின் எதிர் மின்னூட்டமே அதைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. முன்னும் பின்னும் போக முடியாது, இருபுறத்துக் குழாய்களிலும் நேர் மின்னழுத்தம் சுவர்போல் நிற்கிறது. மாட்டிக்கொண்ட அயனியைக் கற்றை திரும்பத் திரும்ப மோதுகிறது. இரண்டாவது எலெக்ட்ரான் போகிறது, மூன்றாவது போகிறது.

ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கெட்டியாக ஒட்டியிருக்கும். ஆர்கானின் முதல் எலெக்ட்ரானைக் கழற்ற 15.8 எலெக்ட்ரான்வோல்ட் போதும். எட்டாவதற்கு 143. அங்கே ஒரு கூடு காலியாகி அடுத்த கூடு தொடங்குவதால் ஒன்பதாவதற்கு ஒரே தாவலாக 422. பதினாறாவதற்கு 918, பதினேழாவதற்கு 4,121, கடைசியான பதினெட்டாவதற்கு 4,426. யுரேனியத்தின் கடைசி எலெக்ட்ரானுக்கு ஏறத்தாழ 1,32,000 வேண்டும். லிவர்மோரில் 1994இல் அதையும் கழற்றி, ஓர் எலெக்ட்ரான்கூட இல்லாத யுரேனியத்தைப் பொறிக்குள் பிடித்துவைத்தார்கள். எத்தனை எலெக்ட்ரானைக் கழற்றுவது என்பதைக் கற்றையின் ஆற்றலை வைத்து நாமே முடிவு செய்யலாம் என்பதுதான் இந்தக் கருவியின் அழகு. 13 எலெக்ட்ரான் இழந்த ஆர்கான் வேண்டுமா? கற்றையை 686க்கு மேலே, 755க்குக் கீழே வைத்தால் போதும். பதினான்காவதைக் கழற்ற அதற்குத் தெம்பு இராது.

காகிதத்தில் இவ்வளவுதான். ஒரு வகுப்பில் சொல்லி முடித்துவிடலாம். எங்கள் பொறியில் இது நடக்கப் பதினான்கு மாதம் ஆனது.

முதல் மூன்று மாதமும் வெற்றிடத்துக்கே போனது. பல எலெக்ட்ரான்களை இழந்த அயனிக்கு ஓயாத பசி. பக்கத்தில் வரும் எந்த மூலக்கூறிடமிருந்தும் ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். அப்படிப் பிடுங்கிவிட்டால் நாம் கழற்றியதெல்லாம் வீண். ஆகவே உள்ளே 10⁻¹⁰ மில்லிபார் அளவுக்கு அழுத்தத்தைக் குறைக்கிறோம். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அது. அப்போதும் ஒரு கன சென்டிமீட்டரில் இருபது லட்சத்துக்கு மேல் மூலக்கூறுகள் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் போனது.

அங்கே ஒரு மூத்த டெக்னீஷியன் இருந்தார். ஓய்வுபெற இரண்டே வருடம் பாக்கி. நான் சேர்ந்த முதல் நாள் அவர் என் கையைத்தான் பார்த்தார். கையுறை போடாமல் எதையும் தொடக் கூடாது, ஒரு விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை போதும், அது வாரக்கணக்கில் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும் என்றார். பிறகு போல்ட் முடுக்கச் சொல்லித் தந்தார். வெற்றிடக் கலத்தின் இரண்டு விளிம்புகளுக்கு நடுவே ஒரு செம்பு வளையம் இருக்கும். விளிம்பின் கத்திமுனை அந்தச் செம்பைக் கடித்து அடைத்துக்கொள்ளும். லாரி டயர் மாற்றும்போது எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவார்களே, அதே முறைதான். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டால் வளையம் கோணிக்கொள்ளும். நான் முடுக்கிய முதல் விளிம்பைச் சுற்றி அவர் ஹீலியத்தை மெல்லப் பீச்சினார். உள்ளே இருந்த உணர்கருவியின் முள் எழும்பியது. ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பானரை என் கையில் திரும்பக் கொடுத்தார். அன்று மட்டும் அந்த விளிம்பை நான்கு முறை கழற்றி மாட்டினேன்.

அடுத்தது பேக்-அவுட். கலத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளைத் துரத்த, கருவி முழுவதையும் சூடேற்றும் நாடாக்களால் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளைப் பொதிந்து, 150 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் சுட வேண்டும். எந்த இடம் எவ்வளவு சூடு என்று தெரிய அங்கங்கே வெப்பமின் இரட்டைக் கம்பிகளை ஒட்ட வேண்டும். அவற்றை ஒட்டியவள் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

பிறகு கேத்தோடு. நுண்துளைகள் கொண்ட டங்ஸ்டனில் பேரியம் கலவை ஊறவைத்தது. ஏறத்தாழ ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்கினால் அது எலெக்ட்ரானைத் தாராளமாக உமிழும். முதல் முறை சூடாக்கும்போது அதுவே வாயுவையும் கக்கும். அவசரப்பட்டால் தன் ஆவியிலேயே தன்னைக் கெடுத்துக்கொள்ளும். ஹீட்டர் மின்னோட்டத்தைத் துளி ஏற்றி, அழுத்தமானி இறங்கக் காத்திருந்து, மறுபடி துளி ஏற்றி, இரண்டு நாள் முறை வைத்து உட்கார்ந்தோம். வீட்டில் முதல் பிரசவம் பார்த்தவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரியான காத்திருப்பு.

கற்றை முதலில் வந்த நாளை எளிதில் சொல்லிவிடலாம். கேத்தோடிலிருந்து 5 மில்லிஆம்பியர் கிளம்பியது, கலெக்டரில் சேர்ந்தது 3. மீதி வழியிலேயே குழாய்ச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. கேத்தோடு இருக்கும் இடத்தில் காந்தப்புலம் பூச்சியத்துக்கு அருகில் இருந்தால்தான் கற்றை நடுவில் நன்றாக ஒடுங்கும். கேத்தோடைச் சுற்றியுள்ள சிறு சுருளின் மின்னோட்டத்தை மாற்றி மாற்றி, கேத்தோடு அமைந்த எலெக்ட்ரான் துப்பாக்கியை மில்லிமீட்டரில் சிறு பங்காக நகர்த்தி, இழப்பைச் சில மைக்ரோஆம்பியருக்குக் கொண்டுவர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் எந்தக் குமிழைத் திருப்பினால் எது அசையும் என்பது எங்கள் விரலுக்கே தெரிந்துவிட்டது. இப்போதும் இருட்டில் அந்தப் பலகையின் முன் என்னை உட்காரவைத்தால் என்னால் ஓட்ட முடியும்.

இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

பொறிக்குள் அயனி உண்டாகிறது என்பது ஒன்று. அதை வெளியே எடுத்து, பிரித்து, தேவைப்படும் இடத்துக்கு அனுப்புவது வேறு. எங்கள் கருவி அதற்காகத்தான், பிற சோதனைகளுக்கு உயர் மின்னூட்ட அயனிகளை வழங்க. ஒரு பக்கத்துக் குழாயின் மின்னழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் அயனிகள் கொத்தாக வெளியே பாயும். அவற்றை ஒரு வளைவுக் காந்தத்தின் வழியே விட்டால், நிறையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணுக்கு ஏற்பப் பிரியும். காந்தப்புலத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு வகை அயனியும் தன் முறை வரும்போது உணர்கருவியில் விழும். திரையில் சிகரம் சிகரமாக எழும்.

மார்ச் மாதம், இரவு ஒன்றரை மணி. நானும் சக மாணவன் ஒருவனும். ஆர்கான் வால்வைத் திறந்து, காந்தத்தை ஏற்றினோம். முதல் சிகரம் 2.67இல். ஆர்கானின் நிறை 40, அதை 15ஆல் வகுத்தால் 2.67. ஆர்கான் 15+! அடுத்து 4இல் ஒரு பெரிய சிகரம். நாற்பதைப் பத்தால் வகுத்தால் 4, ஆர்கான் 10+. கத்திவிட்டோம். இரண்டுக்கும் நடுவில், 3.2இல், இன்னொன்று இருந்தது. ஆர்கான் 13+ வர வேண்டிய இடம் 3.08. 12+ வர வேண்டிய இடம் 3.33. இது இரண்டும் இல்லை. காந்தத்தின் அளவுத்திருத்தம் கொஞ்சம் பிசகியிருக்கும் என்றான் அவன். நானும் ஆமாம் என்றேன். குறிப்பேட்டில் மூன்று சிகரங்களுக்கும் ஆர்கான் என்று பெயரிட்டு, அடிக்கோடிட்டு, தேதி போட்டேன். எல்லோருக்கும் மின்னஞ்சலும் அனுப்பினேன்.

காலையில் டெக்னீஷியன் வந்தார். அவர் இயற்பியல் படித்தவர் இல்லை. படத்தைப் பார்த்தார். "ஆர்கானை மூடிப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

மூடினோம். அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி காந்தத்தை ஏற்றினோம். மூன்று சிகரங்களும் அப்படியே நின்றன, துளிகூடக் குறையவில்லை.

அது ஆக்சிஜன். ஆக்சிஜனின் நிறை 16. ஆறால் வகுத்தால் 2.67, ஐந்தால் வகுத்தால் 3.2, நான்கால் வகுத்தால் 4. மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின. இரண்டு எண்களில் ஆர்கானும் ஆக்சிஜனும் தற்செயலாக ஒன்றின்மேல் ஒன்று உட்காருகின்றன. மூன்றாவது சிகரம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் காந்தத்தின்மேல் பழியைப் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டோம்.

அவ்வளவு ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து. அத்தனை நாள் சுட்ட பிறகும் தண்ணீரா? அலுமினியத் தாளைப் பிரித்தோம். அயனி வெளியேறும் பக்கத்து விளிம்பில் நான் ஒட்டிய இரட்டைக் கம்பி கழன்று, விளிம்பைத் தொடாமல், பக்கத்துச் சூடேற்றும் நாடாவின்மேல் கிடந்தது. சுட்ட பத்து நாளும் அது நாடாவின் சூட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அந்த விளிம்பு கைபொறுக்கும் சூட்டைத் தாண்டியிருக்காது. ஒரு துண்டு ஒட்டு நாடா, முப்பது விநாடி வேலை. அதற்காகக் கருவியைக் குளிர்வித்து, மறுபடி சுட்டு, கேத்தோடை மறுபடி எழுப்ப மூன்று வாரம் போனது. மின்னஞ்சலைத் திரும்பப் பெற்று இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியது அதைவிடக் கஷ்டம்.

ஏப்ரலில் மறுபடி ஏற்றினோம். இந்த முறை 2.5இல் ஒன்று, 2.86இல் ஒன்று, 3.08இல் ஒன்று. ஆர்கான் 16+, 14+, 13+. இந்த எண்களில் ஆக்சிஜனும் வராது, கார்பனும் வராது, நைட்ரஜனும் வராது. வால்வை மூடினேன், சிகரங்கள் சரிந்தன. திறந்தேன், எழுந்தன. பொறிக்குள் வைத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன், அயனிக் கூட்டம், குறைந்த மின்னூட்டத்திலிருந்து கூடிய மின்னூட்டத்துக்கு நகர்ந்தது. இந்த முறை கத்தவில்லை. குறிப்பேட்டில் எழுதும்போது கை நடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் சேர்ந்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது. அங்கே திரையில் "ஆர்கான் 13+" என்று எழுதியிருக்கும், நம்பிக்கொண்டு அதன்மேல் ஆய்வுக் கட்டுரை எழுதியிருப்பேன். எழுதியதில் தப்பும் இருந்திருக்காது, அதற்கு முன் வேறு யாரோ வால்வை மூடிப் பார்த்திருப்பார்கள். ஆனால் எந்தச் சிகரம் இயற்கையுடையது, எது என் கருவியின் அழுக்கு என்று பிரித்தறியும் கண் எனக்கு வந்திருக்காது. இன்றுவரை எந்தத் தரவைப் பார்த்தாலும், பொருந்தும் சிகரங்களை விட்டுவிட்டு, பொருந்தாமல் தள்ளி நிற்கும் அந்த ஒன்றைத்தான் முதலில் தேடுகிறேன்.

பிறகு வந்த கோடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பொறியின் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்-கதிர் உணர்கருவியை வைத்து, கற்றையின் ஆற்றலை மெல்ல ஏற்றிக்கொண்டே வந்தோம். கிடை அச்சில் எலெக்ட்ரானின் ஆற்றல், நிலை அச்சில் வெளிவரும் எக்ஸ்-கதிரின் ஆற்றல். இரவு முழுக்கத் தரவு சேர்ந்தது. முதலில் சாய்வாக ஒரு மங்கிய பட்டை. எலெக்ட்ரான் நேராக அயனியில் போய் உட்கார்ந்து ஒளியை விடுவது அது. விடியற்காலையில் அந்தப் பட்டையின்மேல், எலெக்ட்ரான் ஆற்றல் 2,200 எலெக்ட்ரான்வோல்ட் பக்கத்தில், பிரகாசமான புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. உள்ளே விழும் எலெக்ட்ரான் தன் ஆற்றலைக் கொடுத்து இன்னொரு எலெக்ட்ரானை மேலே தூக்கிவிடுகிறது. கணக்கு மிகச் சரியாகப் பொருந்தும் ஆற்றலில் மட்டுமே அது நடக்கும். அதனால்தான் புள்ளி. மார்கழி விடியலில் அம்மா கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்று பார்ப்பாரே, அப்படி நானும் எழுந்து நின்று பார்த்தேன். ஹீலியம் போல இரண்டே எலெக்ட்ரான் மிச்சமுள்ள ஆர்கான், லித்தியம் போல மூன்று உள்ளது, பெரிலியம் போல நான்கு உள்ளது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர் இருந்தது.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பீர்கள். 1869 ஆகஸ்ட் 7ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தின்போது அமெரிக்காவில் சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் இருவரும் சூரியனின் ஒளிவட்டத்தில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார்கள். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. "கொரோனியம்" என்று புதுத் தனிமமாகவே பெயர் வைத்துவிட்டார்கள். 1871 டிசம்பர் 12ஆம் தேதி கிரகணத்தைப் பார்க்க நம் நீலகிரிக்கு வந்து முகாமிட்ட பிரெஞ்சு அறிஞர் ழூல் ஜான்சனும் தொட்டபெட்டாவில் நின்ற டென்னன்ட் என்பவரின் குழுவினரும் ஆராய்ந்தது இதே ஒளிவட்டத்தைத்தான். எழுபது வருடம் கழித்துத்தான் வால்டர் க்ரோட்ரியனும் பெங்ட் எட்லெனும் அந்தப் புதிரை அவிழ்த்தார்கள். அது புதுத் தனிமமே இல்லை, 13 எலெக்ட்ரான் இழந்த சாதாரண இரும்பு. இரும்பு அப்படி ஆக வேண்டுமென்றால் அங்கே வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரிந்தது. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் ஒளிவட்டமானி இன்று பார்ப்பதும் 530.3 நானோமீட்டரில் உள்ள அதே பச்சைக் கோட்டைத்தான். அந்த இரும்பை மேசைமேல் உண்டாக்கி, அதன் ஒளியை அளந்து பார்க்க வழி தருவது ஈபிட்.

வான்கூவரின் ட்ரையம்ஃப் மையத்தில் ருபீடியம்-74 என்ற அணுக்கருவை எடைபோட இதே வகைப் பொறியைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கருவின் அரை ஆயுள் 65 மில்லிவிநாடி. அதற்குள் அதன் எலெக்ட்ரான்களைக் கழற்றி, மின்னூட்டத்தைக் கூட்டினால் எடை துல்லியமாகக் கிடைக்கும்.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் தரும் கதை இனிமேல்தான் வருகிறது. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனமும் பிரவுன்ஷ்வைக் நகரின் தேசிய அளவியல் நிறுவனமும் சேர்ந்து, மீக்கடத்திக் காந்தம் இல்லாமல், திரவ ஹீலியம் இல்லாமல், அறை வெப்பநிலையில் நிலைக்காந்தங்களை வைத்தே ஓடும் சிறிய ஈபிட்டை உருவாக்கின. புலம் 0.86 டெஸ்லா வரை. அப்படி நான்கு கருவிகளை இயக்கிவைத்த விவரத்தை 2018இல் கருவியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். கருவியைப் பற்றிய கட்டுரை அது. முதல் ஆசிரியர் பீட்டர் மிக்கே. இரண்டு வருடம் கழித்து, 2020இல், அப்படி ஒரு பொறியிலிருந்து ஒற்றை ஆர்கான் 13+ அயனியை வெளியே எடுத்து, வேகத்தைக் குறைத்து, குளிர்வித்த பெரிலியம் அயனிகளின் துணையோடு அடக்கி, அதன் ஒளிக்கோட்டை லேசரால் அளந்தார்கள். உயர் மின்னூட்ட அயனிகளில் அதற்குமுன் எட்டிய துல்லியத்தைவிட ஏறத்தாழ பத்துக் கோடி மடங்கு கூடுதல். நேச்சர் இதழில் வந்தது. முதல் ஆசிரியர் அதே பீட்டர் மிக்கே. 2022இல் அதே அயனி ஓர் ஒளியியல் கடிகாரமாகவே ஆனது. நூறு கோடி வருடம் ஓடினாலும் ஒரு விநாடி பிசகாத அளவு துல்லியம்.

போல்ட் முடுக்கிய கையும் நேச்சர் கட்டுரை எழுதிய கையும் ஒன்றுதான். எப்போதும் அப்படி அமையும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். நான் நேரில் கண்டதே வேறு. என்னோடு அந்த மார்ச் இரவில் இருந்தவனின் உதவித்தொகை, கருவி நன்றாக ஓடத் தொடங்கிய நான்காவது மாதத்தில் முடிந்தது. முதல் பெரிய அளவீடு வெளிவந்தபோது அவன் பெயர் நன்றியுரையில் இருந்தது, ஆசிரியர் வரிசையில் இல்லை. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

ஆகவே சேரும் முன்பே கேளுங்கள். கருவியில் இன்று என்னென்ன முடிந்திருக்கிறது, காந்தம் வந்துவிட்டதா, துப்பாக்கி வந்துவிட்டதா என்று கேளுங்கள். படம்தான் இருக்கிறது, பாகங்கள் இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றால் யோசியுங்கள். அது வேறு வேலை, அதற்கு ஆகும் காலமும் வேறு. கருவி தாமதமானால் நான் செய்ய இரண்டாவது அளவீடு ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இயக்கிவைத்த விவரத்தைத் தனிக் கட்டுரையாக வெளியிடுவார்களா, முதல் அளவீட்டில் என் பெயர் எங்கே வரும் என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். நல்ல வழிகாட்டி இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். இன்னொன்றும் கேளுங்கள்: அந்தக் கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கும் டெக்னீஷியன் ஒருவர் இருக்கிறாரா? பேராசிரியரைப் பற்றி விசாரிப்பதுபோலவே அவரைப் பற்றியும் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

சேர்ந்த பிறகு, நடக்காமல் போனதை எல்லாம் எழுதிவையுங்கள். எங்கள் முதல் குறிப்பேட்டில் அந்த மார்ச் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. மூன்று சிகரங்களுக்கும் எழுதிய ஆர்கானை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் என்று எழுதினேன். கழன்ற கம்பியின் படத்தையும் ஒட்டிவைத்தேன். சென்ற ஆண்டு அங்கே சேர்ந்த ஒரு மாணவி, பேக்-அவுட் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்த்ததாக எனக்கு எழுதியிருந்தாள். இரண்டு கழன்று வந்தனவாம்.

திரையில் என்னிடம் கேள்வி கேட்ட தங்கைக்குத் தனியாக ஒரு வரி. எங்கள் புதுப் பொறியின் கலம் வந்து இறங்கிவிட்டது. காந்தங்களும் வந்துவிட்டன, பெட்டி பிரிக்கவில்லை. கேத்தோடு ஆர்கானில் அடைத்த கண்ணாடிக் குப்பியில் அலமாரியில் இருக்கிறது. முதல் விளிம்பை அடுத்த மாதம் மூடப்போகிறோம். யோசித்துப் பார்த்து, வருவதாக இருந்தால் எழுதுங்கள். கையுறை எந்த அளவு என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், இங்கே சிறிய அளவு எப்போதும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

அன்புடன்,
உங்கள் அக்கா